நாலு பேர் சொன்னது

தான் டைப் அடித்துக் கொடுத்த பயோடேட்டாவை வைத்து வேலைக்குப் போனவர்கள் ஆஸ்டின் டவுனில் மட்டும் இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள் என்று ரெமிஜியஸ் சொல்லிக்கொள்வான். போகாதவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. எஸ்.டி.டி. பூத்தாக ஆரம்பித்து, ஜெராக்ஸ் மெஷின் வந்து, பிறகு மூன்று கம்ப்யூட்டர்களும் வந்து சேர்ந்த சின்னக் கடை அது. மகள் பெயரில் 'லீனா கம்யூனிகேஷன்ஸ்' என்று போர்டு. மூன்று கம்ப்யூட்டரில் ஒன்று எப்போதும் ரிப்பேராக இருக்கும். அது எது என்பதுதான் வாரத்துக்கு வாரம் மாறும்.

பயோடேட்டா விஷயத்தில் அவனுக்கு ஒரு பிடிவாதம். கடைசியில் 'ரெஃபரன்ஸ்' என்று வருகிற இடத்தில் சும்மா ஒரு பெயரைப் போட விடமாட்டான். "யாருப்பா இவரு? எங்க வேல செய்றாரு? இன்னா போஸ்ட்டு? வெறும் பேர வச்சிகினு கம்பெனிக்காரன் யாரப் போய் விசாரிப்பான்?" என்று பிடித்துக்கொள்வான். பெயர், பதவி, கம்பெனி, முகவரி ஆகிய நாலும் வந்த பிறகுதான் பிரிண்ட் போடுவான். அதோடு, எந்தத் தாளாக இருந்தாலும் அடியில் சின்ன எழுத்தில் கடைப் பெயரையும் போன் நம்பரையும் சேர்த்துவிடுவான். சர்ச் அறிவிப்பானாலும் சரி, சாவு நோட்டீஸானாலும் சரி, அது இல்லாமல் அவன் கடையை விட்டு ஒரு தாள் வெளியே போனதில்லை. இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்துதான் 2003 டிசம்பரில் அவன் வீட்டை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டன.

அவன் மனைவி மௌரீன், பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கர். காலை ஆறரைக்கு, பனி விலகாத நேரத்தில், தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு டிபன் டப்பாவோடு கிளம்பினால் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர வேண்டும். எட்டு மணிக்குக் கார்டு அடித்தால், டியூப் லைட்டுக்குக் கீழே உள்ள மேஜை முன்னால் நின்ற கால் நின்றபடி நிற்பாள். கழுத்தில் இன்ச் டேப், கையில் நூல் வெட்டும் கத்தரி, முழங்கையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். சட்டையை விரித்து, காலரின் இரண்டு முனையையும் சேர்த்துப் பார்த்து, கஃப், பட்டன் ஓட்டை, பக்கத் தையல் என்று ஒரு சுற்று விரலை ஓட்டிவிட்டு, தப்பு இருக்கிற இடத்தில் அம்பை ஒட்டித் திருப்பி அனுப்பவேண்டும். மணிக்கு எண்பது சட்டை. எண்பதுக்குக் குறைந்தால் ஃப்ளோர் இன்சார்ஜ் கிருஷ்ணப்பா கன்னடத்தில் ஆரம்பிப்பான். அவன் திட்டுகிற கன்னடத்தில் தாத்தா பாட்டி யாரும் மிஞ்சுவதில்லை.

அந்த மௌரீன் ஒரு நாவல் எழுதியிருந்தாள் என்பதுதான் வேடிக்கை. கம்பெனியில் வேண்டாமென்று தூக்கிப் போடுகிற அளவுத் தாள்களின் பின்பக்கத்தில், அடுப்பில் சோறு வேகும் நேரத்திலும், ஞாயிறு மத்தியானத்திலும், நாலு வருஷமாக எழுதினாள். பெயர் 'ஒன்பதாம் லைன்'. சொந்தப் பெயரில் போட்டால் வேலை போய்விடும் என்று, செத்துப்போன அப்பாவை நினைத்துச் 'சூசைமகள்' என்று போட்டுக்கொண்டாள். பயப்பட்டதில் நியாயம் இருந்தது. அவள் கம்பெனியில் நாற்பது பேர் கொண்ட ஒரு லைனுக்கு இரண்டே மரத் துண்டுகள் ஒரு பலகையில் தொங்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் பாத்ரூம் போகவேண்டும். இரண்டும் வெளியே போயிருந்தால் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பலகையைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் பேசிய இரண்டு பெண்களுக்கு மறுநாள் காலையில் கார்டு இல்லை. காரணமும் சொல்லவில்லை. நாவலில் அந்தப் பலகை அத்தியாயத்துக்கு அத்தியாயம் வந்தது.

சென்னையில் சாமிநாதன் என்பவர் நல்ல மனதோடு அதை அச்சுப் போட்டார். அதோடு சரி. பதினோரு மாதத்தில் ஒரு சின்னப் பத்திரிகை 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின் கீழ் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் போட்டதே அந்தப் புத்தகம் உலகத்தில் கண்ட ஒரே விமர்சனம்.

டிசம்பர் முதல் வாரத்தில் சாமிநாதன் கடைக்கு போன் பண்ணினார்.

"இன்டர்நெட்ல புத்தகம் விக்கிறாங்க தம்பி. அமெரிக்கா, சிங்கப்பூர்ல இருக்கறவங்கல்லாம் அதுலதான் வாங்குறாங்க. நம்ம புத்தகமும் அதுல இருக்கு. ஆனா அட்டைப் படமும் ரெண்டு வரி விவரமும்தான் இருக்கு. அதுக்குக் கீழ நாலு பேரு நல்லதா சொன்னதைப் போட இடம் விட்டிருக்கான். மத்த எல்லா புத்தகத்துக்கும் போட்டுட்டாங்க, நம்மளுது மட்டும் மொட்டையா நிக்குது. ஜனவரி கண்காட்சிக்குள்ள கொஞ்சமாவது நகரலைன்னா மிச்ச காப்பியை நான் எங்க வைக்கிறது சொல்லுங்க? நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க."

அன்று மாலை வீட்டில் கிறிஸ்துமஸுக்கான குல்குல் வேலை ஆரம்பமாகியிருந்தது. மௌரீன் மைதா மாவைச் சின்னச் சின்ன உருண்டையாகக் கிள்ளி, புதுச் சீப்பின் முதுகில் வைத்துத் தேய்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பத்து வயது லீனா முள்கரண்டியில் சுருட்டினாள். ரெமிஜியஸ் சுருட்டியது மட்டும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசில் இருந்தது.

"யாரும் எழுதலன்னா விட்டுடுங்க" என்றாள் மௌரீன். "நீங்களா எதனா பொய் எழுதி வச்சிடாதீங்க. பெரிய எழுத்தாளர் பேரு, பத்திரிகை பேரு எல்லாம் போட்டு அசிங்கம் ஆயிடப் போவுது."

"சத்தியமா பொய் எழுதமாட்டேன் மௌரீன்."

அந்தச் சத்தியத்தை அவன் காப்பாற்றினான். அதுதான் வினையே. மறுநாள் கடையில் உட்கார்ந்து, இந்த நாவலை யார்தான் முழுசாகப் படித்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தான். தானும் பிழை திருத்திய சாமிநாதனும் போக, நாலே பேர். நாலு பேரும் மௌரீனின் கம்பெனிக்காரர்கள். மத்தியானச் சாப்பாட்டு அரைமணி நேரத்தில், ஜெனரேட்டர் ரூம் நிழலில் உட்கார்ந்து, மௌரீன் தினம் நாலைந்து பக்கம் அவர்களுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். மே மாதம் லீனா சர்ச்சில் முதல்முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வந்தபோது, பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே ரெமிஜியஸிடம் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவனுக்கு அதெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது. மனைவியைப் புகழ்ந்தால் எவனுக்குத்தான் மறக்கும்?

பெரிய மனிதர் யாரும் சொல்லாவிட்டால் என்ன, சொன்னவர்கள் மனிதர்கள்தானே என்று தோன்றியது. பொய் இல்லை, ஒட்டு இல்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தமிழ் ஃபாண்டில் அடித்தான். சிபாரிசு என்று வந்துவிட்டால் அதற்கென்று முறை இருக்கிறதல்லவா? அதையும் முறைப்படி செய்தான்.

"கேக்கறப்பவே எனக்கு காலு நோவுது. நின்னுகினே கேட்டா மாதிரி ஆயிடுச்சு." திருமதி கோவிந்தம்மா, ஓவர்லாக் ஆபரேட்டர், லைன் 9.

"இதுல வர்ற திட்டு, பஸ்ஸு, சோத்து டப்பா எல்லாம் கரெக்ட்." திருமதி நூர்ஜஹான், காலர் அட்டாச்சிங், லைன் 9.

"சிரிச்சதுல டப்பா கவுந்துச்சி. அப்றம் அழுதுட்டேன்." செல்வி முனிலட்சுமி, ஹெல்ப்பர், லைன் 9.

"எங்க மிஷின் சத்தம் புஸ்தகத்துல கேக்குது." திரு. ஹெர்பர்ட், கட்டிங் மாஸ்டர்.

ஒவ்வொரு பெயருக்கும் கீழே கம்பெனியின் முழுப் பெயர், பிளாட் நம்பர், ஓசூர் ரோடு, பொம்மனஹள்ளி, பின்கோடு. எல்லாவற்றுக்கும் அடியில், லீனா கம்யூனிகேஷன்ஸ், ஆஸ்டின் டவுன், போன் நம்பர். இரண்டு முறை படித்துப் பார்த்துச் சாமிநாதனுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்துக் கடையில் மத்தூர் வடையும் காபியும் சொல்லிச் சாப்பிட்டான். அப்படி ஒரு திருப்தி.

மௌரீனிடம் சொல்லவில்லை. இன்டர்நெட் பக்கத்தில் வந்ததும் காட்டி அசத்தவேண்டும் என்று இருந்தான். வியாழக்கிழமை சாயங்காலம் திறந்து பார்த்தால், செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டிருந்தது. சாமிநாதன் அனுப்பியதை ஒரு எழுத்து மாற்றாமல், கடை போன் நம்பர் உட்பட, அப்படியே ஏற்றியிருந்தார்கள். ரெமிஜியஸ் பிரிண்ட் எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மௌரீன் அப்போதுதான் வந்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் கால்களை வைத்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. தாளை வாங்கி, சட்டையைச் செக் பண்ணுகிறமாதிரி மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டே படித்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. கொஞ்சம் கீழே போய் மறுபடி நின்றது.

"இன்னாங்க இது?"

"நல்லா இருக்குல்ல? பொய்யே இல்ல. எல்லாம் அவங்க வாயால சொன்னது."

"லைன் நம்பர் போட்டிருக்கீங்க."

"போட்டாத்தானே நம்புவாங்க?"

"கம்பெனி பேரு போட்டிருக்கீங்க. பின்கோடு வேற." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ரெமிஜியஸுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. "புஸ்தகத்துல கம்பெனி பேரையே நான் எழுதல. ஊரையே மாத்தி எழுதினேன். நாலு வருஷம் பயந்து பயந்து மறைச்சத நீங்க ஒரே தாள்ல அட்ரஸோட குடுத்துட்டீங்க."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"கிருஷ்ணப்பாக்கு தமிழ் படிக்கத் தெரியாதே..." என்று இழுத்தான்.

"வெங்கடராமன் சாருக்கு? பர்சனல் ஆபீசர். தஞ்சாவூர் பக்கம். டேபிள்மேல தமிழ் பத்திரிகை வச்சிகினுதான் உக்காந்திருப்பாரு. ஆபீஸ்ல இன்டர்நெட் இருக்கிறதே அவர் ரூம்லதான்." தாளை மடியில் போட்டாள். "என் வேல போனா போவுது. எதனா பாத்துக்கலாம். கோவிந்தம்மாக்காக்கு புருஷன் இல்ல, ரெண்டு பொண்ணுங்க. நூர்ஜஹான் வீட்டுக்காரருக்கு கிட்னி, ஈ.எஸ்.ஐ. கார்டுலதான் ஆஸ்பத்திரி ஓடுது. முனிலட்சுமிக்கு இப்பதான் கல்யாணம் பேசிகினு இருக்காங்க. அவங்க இன்னாங்க பண்ணாங்க? பிரியாணி துன்னுட்டு நாலு வார்த்த நல்லதா சொன்னாங்க. அதுக்கு இதுவா?"

ரெமிஜியஸ் அழுதுவிட்டான். அழுகையை மறைக்கிற சாமர்த்தியம் அவனுக்கு எப்போதும் கிடையாது. மௌரீன் அவனைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. லீனாவைக் கூப்பிட்டுத் தண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சோறு வடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகச் சென்னைக்கு போன் போட்டான்.

"எடுக்கணுமா? எதுக்கு தம்பி?" சாமிநாதனுக்கு ஆச்சரியம். "அதைப் படிச்சுட்டு இந்த ரெண்டு நாள்ல பன்னெண்டு ஆர்டர் வந்திருக்கு. இப்படி யாரும் போட்டதில்லைன்னு கடைக்காரனே சொல்றான்."

"சார், உங்க கால்ல விழறேன். இன்னிக்கே எடுக்கச் சொல்லுங்க."

"இன்னிக்கு எப்படி எடுக்கிறது? அதை ஏத்துற பையன் தங்கச்சி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிட்டான். பாஸ்வேர்டு அவன்கிட்டதான். திங்கக்கிழமை காலையில வந்துடுவான்."

வெள்ளி, சனி, ஞாயிறு. ரெமிஜியஸ் மணிக்கொரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். பார்த்தால் போய்விடுமா? நாலு பேரும் பதவியோடும் பின்கோடோடும் அங்கேயே இருந்தார்கள். நேற்று வரை கண் நிறைந்து பார்த்த பெயர்களை இன்று கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பயோடேட்டாவுக்கு வந்த ஒரு பையனின் பிறந்த தேதியில் அவன் போட்ட வருஷப்படி பார்த்தால் அந்தப் பையன் இன்னும் பிறக்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை இருக்கும். தூறலாக இருந்தது. கடைக்கு எதிரே பழைய ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. ஸ்வெட்டர் போட்ட ஒருவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, போர்டை அண்ணாந்து படித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போன் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே வந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். நெற்றியில் கோபிக் கீற்று.

"நீங்கதானே கடை ஓனர்?"

"ஆமா சார். பிரவுசிங்கா, ஜெராக்ஸா?"

"ரெண்டும் இல்லை. என் பேர் வெங்கடராமன்."

ரெமிஜியஸ் எழுந்து நின்றான். உட்காரத் தோன்றவில்லை. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஈரமான தாளை மேஜையில் விரித்தார். அதே பக்கம்தான்.

"என் பொண்ணு நியூ ஜெர்சியில இருக்கா. மாசம் ரெண்டு தமிழ்ப் புஸ்தகம் இதுலதான் வாங்குவா. அவதான் அனுப்பிச்சா, 'அப்பா, உங்க ஃபேக்டரி பேர் வந்திருக்கு, பாருங்கோ'ன்னு. நானும் ஒரு கடையில தேடிப் புஸ்தகத்தை வாங்கிப் படிச்சேன். நேத்திக்கு முடிச்சேன்."

"சார்..."

"இருங்கோ. இந்தச் சூசைமகள் யாருன்னு நான் உங்களைக் கேக்கப் போறதில்லை. கேட்டா நீங்க சொல்லணும். சொன்னா நான் ஃபைல் போடணும். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ஒன்றரை வருஷம் இருக்கு. இந்த நாலு பேர் பேரு முதலாளி காதுக்குப் போனா, 'நீ என்னய்யா பண்ணிண்டிருந்தே?'ன்னு முதல்ல என்னைத்தான் கேப்பான். அதனால கம்பெனி பேரை எடுத்துடுங்கோ. லைன் நம்பரையும் எடுத்துடுங்கோ. இதைத்தான் சொல்ல வந்தேன்."

"திங்கக்கிழமை எடுத்துடறோம் சார். எல்லாத்தையுமே எடுத்துடறோம். சொல்லியாச்சு."

"திங்கக்கிழமையா? சரி. முதலாளி டெல்லியில இருக்கார், புதன்கிழமைதான் வர்றார். அவருக்குத் தமிழும் தெரியாது. ஆனா எவனாவது ஒருத்தன் படிச்சுச் சொல்லிடுவான், அதான்."

போகப்போகிறார் என்று ரெமிஜியஸ் நினைத்தான். அவர் போகவில்லை. தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"அதுல ஒரு ஆபீசர் வர்றான். கையெழுத்துப் போடறச்சே எல்லாம் பல்லைக் குத்திண்டே இருக்கான். நான் அப்படிப் பண்றேனா?"

"எனக்கு எப்டி சார் தெரியும்?" என்றான் ரெமிஜியஸ்.

"ஆத்துல கேட்டேன். ஆமான்னுட்டா. முப்பது வருஷமா யாரும் சொல்லலை." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அந்த பாத்ரூம் டோக்கன் பலகையை அவன்தான் மாட்டினதா எழுதியிருக்கு. அது தப்பு. எனக்கு முன்னாடி இருந்தவன் மாட்டினது. ஆனா பதினோரு வருஷமா தினம் அதைப் பார்த்துண்டேதான் என் ரூமுக்குப் போறேன். அது அந்தப் புஸ்தகத்துல இல்லை. யார் எழுதினாளோ, அவா தெரிஞ்சவாளா இருந்தா சொல்லுங்கோ. இன்னும் கொஞ்சம் கோவமா எழுதியிருக்கலாம்."

ஸ்கூட்டர் ஆஸ்டின் டவுன் முனையில் திரும்பும்வரை ரெமிஜியஸ் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பிரவுசிங்கில் இருந்த இரண்டு பேரையும் காசு வாங்காமல் கிளப்பி அனுப்பிவிட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு, தூறலில் குடை கூட இல்லாமல் ஓடினான். நாற்பத்திரண்டு வயதில் அவன் அந்தத் தெருவில் ஓடி யாரும் பார்த்ததில்லை. "இன்னாத்துக்குடா ஓடறே?" என்று கேட்ட கசாப்புக் கடை டென்சிலுக்குக் கையை மட்டும் ஆட்டினான்.

மௌரீன் அவரைக்காயை உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தே முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். மூச்சு வாங்க, முன்னுக்குப் பின்னாக அவன் சொல்லி முடித்தான்.

"பல்லு குத்தறதையா படிச்சாரு?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"ஐயோ, மாதாவே!" இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து கிட்டே போனால், சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. மூன்று நாளாக மார்பில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது அவளுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. அன்று அவரைக்கொட்டைக் குழம்பை ரெமிஜியஸ் மூன்று தடவை ஊற்றிக்கொண்டான். வியாழக்கிழமைக்குப் பிறகு அவன் ஒழுங்காகச் சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

திங்கட்கிழமை பையன் நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தான். கம்பெனி பெயரையும் லைன் நம்பரையும் எடுத்தால் போதும் என்று வெங்கடராமன் சொல்லியிருந்தும், சூடு கண்ட ரெமிஜியஸ் எதற்கு வம்பு என்று நாலு பேர் சொன்னதையும் வேரோடு எடுக்கச் சொல்லிவிட்டான். பதினொரு மணிக்குப் பக்கம் பழையபடி மொட்டையானது.

அன்று மத்தியானம் ஜெனரேட்டர் ரூம் நிழலில் மௌரீன் அவர்களிடம் நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஆபத்து தாண்டிவிட்டதால் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அவர்களும் சிரிப்பார்கள் என்று பார்த்தால், யாரும் சிரிக்கவில்லை. கோவிந்தம்மா களியைக்கூட முடிக்காமல் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் மௌரீனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கோவமாத்தான் இருப்பாங்க. நம்மளால அவங்க வேலைக்கே உலை வைக்கப் பாத்தோமே" என்று மௌரீன் தினமும் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. பூசை முடிந்து வந்து ரெமிஜியஸ் கடையைத் திறந்திருந்தான். மௌரீனும் கூட வந்து கடை வாசலில் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மணி சுமாருக்கு மூன்று பெண்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார்கள். கோவிந்தம்மா விருந்துக்குக் கட்டும் பட்டுச் சேலையில் இருந்தாள், கூடவே பெரிய மகள். நூர்ஜஹான் தன் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு வந்தாள். முனிலட்சுமி தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள் மௌரீன்.

கோவிந்தம்மா அவளைத் தாண்டி நேராக ரெமிஜியஸ் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கண்ணா அது? எங்க பேரு போட்டிருந்துச்சே, அதக் காட்டு."

"இல்லக்கா. எடுத்தாச்சு. நீங்க பயப்படாதீங்க, சுத்தமா எடுத்தாச்சு. இதோ பாருங்க." அவன் பக்கத்தைத் திறந்து காட்டினான். அட்டைப் படம், இரண்டு வரி விவரம், கீழே வெள்ளை.

"யாரக் கேட்டு எடுத்தே?"

ரெமிஜியஸ் மௌரீனைப் பார்த்தான். மௌரீன் நட்சத்திரத்தோடு நின்றாள்.

"வேல போயிடுமேக்கா..." என்றாள்.

"போவுமா இல்லியான்னு எங்களக் கேட்டியா? போடறப்பவும் உன் வூட்டுக்காரரு கேக்கல, எடுக்கறப்பவும் கேக்கல. ஆறு நாளு ஒலகம் பூரா தெரியறா மாதிரி எம் பேரு இருந்துக்குது, நான் ஒரு தபா கண்ணால பாக்கல. பதினாறு வருசமா நான் நாப்பத்தேழு. பண்டல் சீட்டுல நாப்பத்தேழு, திட்டறப்ப நாப்பத்தேழு, சம்பளத்துக்கு நாப்பத்தேழு. ஒரு எடத்துல கோவிந்தம்மான்னு வந்துச்சு. அதுவும் திருமதி போட்டு!"

"அரே, நானும் அதேதான் சொல்றேன்" என்றாள் நூர்ஜஹான். "இவருக்கு ஒடம்பு முடியல, பஸ்ஸு ஏத்திக் கூட்டியாந்துருக்கேன், பீவி பேர பாக்கணும்னு. கம்பெனி பேரு நக்கோ, வேணாம். எங்க பேரு போடு. ஊருல எத்தினி நூர்ஜஹான் இருக்குது, எவன் கண்டுபிடிப்பான்?"

"எங்க வூட்டுக்கு வரப்போறவரு கம்ப்யூட்டர் கடையிலதான் வேல செய்றாரு" என்று முனிலட்சுமி தரையைப் பார்த்துச் சொன்னாள். "அவர் பாக்கட்டும்னுதான்."

மௌரீன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பாரம் என்று அவள் நினைத்திருந்தது இவர்களுக்குப் பாரமாகவே இருக்கவில்லை. கோபம்தான், ஆனால் தான் பயந்த கோபம் இல்லை. அவளுக்கு அந்த நிமிஷம் எல்லாரையும் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

"போடுங்க" என்றாள் ரெமிஜியஸிடம். "கம்பெனி வேணாம், லைன் வேணாம். பேரு மட்டும் போடுங்க. திருமதியோட போடுங்க. ஹெர்பர்ட்டு அண்ணனக் கேட்டுட்டு அவரோடதயும் போடலாம்."

ரெமிஜியஸ் புதுப் பக்கம் திறந்தான். பெண்கள் மானிட்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். இனிமேல் யாரையும் கேட்காமல் ஒரு எழுத்து அடிப்பதில்லை என்று அவனும் முடிவு பண்ணியிருந்தான். நூர்ஜஹான், தான் முன்பு சொன்னது போதாது என்று, கல்யாணம் வருகிற இடம் மட்டும் நம்பும்படி இல்லை என்பதையும் சேர்க்கச் சொன்னாள். நல்லதைத்தான் போடுவது வழக்கம் என்று ரெமிஜியஸ் தயங்க, "அதையும் போடுங்க, அது கரெக்ட்டுதான்" என்றாள் மௌரீன். முனிலட்சுமி, அழுததை எடுத்துவிட்டுச் சிரித்ததை மட்டும் வைக்கச் சொன்னாள்.

கோவிந்தம்மாவின் முறை வந்தது.

"கால் நோவுதுன்னு சொன்னத அப்டியே வை" என்றாள். "அதுக்குக் கீழ பேரு. பேருக்குக் கீழ, பதினாலாவது பாடத்துல பாத்ரூம் வாசல்ல நிக்கிற பொம்பள நான்தான்னு போடு."

மௌரீனின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அத்தியாயத்தில் ஒரு பெண், இரண்டு துண்டும் வெளியே போயிருக்க, அடக்க முடியாமல் வாசலில் நின்றபடியே சேலையை நனைத்துக்கொண்டு, அதே சேலையோடு மிஷினுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து அன்றைய டார்கெட்டை முடிப்பாள்.

"அத நான் உங்களுக்குப் படிச்சே காட்டலியேக்கா" என்றாள் மௌரீன். "அந்தப் பாடத்த வேணும்னுதான் தாண்டிப் போயிட்டேன்."

"தெரியும். பதிமூணு முடிச்சி பதினஞ்சுக்குப் போனே. நானு எண்ணிகினுதான் இருந்தேன்." கோவிந்தம்மா மகளைக் காட்டினாள். "இவ படிச்சிக் காட்டுனா. மூணு தபா படிக்கச் சொன்னேன்."

"உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு..."

"அன்னிக்கு எல்லாரும் பாத்தாங்க, ஒருத்தரும் பாக்காத மாதிரி இருந்தாங்க. வருத்தம்னா அதான் வருத்தம். நீ பாத்தே. எழுதிட்டே." சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ரெமிஜியஸின் நாற்காலி முதுகில் கையை வைத்தாள். "இன்னா அண்ணா பாத்துகினு இருக்கே, அடி."

அவன் அடித்தான். அவள் மகள் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள்.